நெஞ்சுக்கறியும் ஓக் விறகும்

குளிர்ந்த இறைச்சி பலகையின் மேல் கிடக்கிறது.

ஆறு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். ஒரு பக்கம் வெள்ளைக் கொழுப்பு. மறுபக்கம் அடர்சிவப்பு. உள்ளங்கையை வைக்க, குளிர் மணிக்கட்டு வரை ஏறுகிறது.

*

மாட்டின் நெஞ்சு. முன்கால்களுக்கு நடுவே இருந்த தசை.

மாட்டுக்குக் காறையெலும்பு இல்லை. விலாக்கூட்டை முன்கால்களோடு பிணைத்து ஏந்துபவை தசைகளே. உடலின் பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்பாதியில் இறங்குகிறது.

நிற்கும்போது. நடக்கும்போது. முட்டியூன்றி எழும்போது.

சவ்வு மிகுந்த கறி. கடினமான கறி.

*

இரண்டு தசைகள், ஒன்றன்மேல் ஒன்று. தட்டையாகக் கொழுப்புக் குறைந்து இருப்பதை ஃப்ளாட் என்கிறார்கள். தடித்துக் கொழுப்போடியதைப் பாயிண்ட் என்கிறார்கள். நடுவே ஒரு வெள்ளைப் படலம்.

மேலே உள்ளதன் நார் ஒரு திசையில் ஓடுகிறது. கீழே உள்ளதன் நார் வேறொரு திசையில்.

விரல் இரண்டையும் தடவிப் பார்க்கிறது.

*

கொழுப்பு இரண்டு விதம். அழுத்தினால் குழைவது ஒன்று. அழுத்தினாலும் அசையாதது இன்னொன்று.

குழைவது நெருப்பில் உருகும். அசையாதது எத்தனை மணி நேரமானாலும் கிடந்தபடியே கிடக்கும். அதை அரிந்து எடுக்கிறேன். மேற்புறத்தில் அரை சென்டிமீட்டர் மட்டும் நிற்கிறது.

கத்தி சவ்வுக்கடியில் நுழையும்போது மெல்லிய உரசல்.

ஓரங்களின் மெலிந்த நுனிகளும் போகின்றன. விட்டால் முதலில் அவைதான் கரியும்.

கிண்ணத்தில் வெள்ளைத் துண்டுகள் சேர்கின்றன.

*

உப்பு. மிளகு. வேறு எதுவும் இல்லை.

மத்திய டெக்சஸின் வழக்கம் இது. கல்லுப்பு. ஒன்றிரண்டாக உடைத்த மிளகு.

கையை உயர்த்தித் தூவ, பரவி விழுகிறது. சற்று நேரத்தில் உப்பைச் சுற்றி ஈரம் பூக்கிறது. உள்ளே இருந்த நீர் மேலே வந்து உப்பைக் கரைக்கிறது. கரைத்ததைக் கொண்டு மெல்ல உள்ளே திரும்புகிறது.

*

விரலில் மிளகின் மணம் தங்கியிருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில் முதலில் படர்ந்த கொடி. எத்தனையோ கடல் தாண்டி, அதன் காய் இங்கே ஒட்டிக் கிடக்கிறது.

ஒரு தும்மல்.

*

கொல்லையில் இருட்டுகிறது. மார்ச் மாதம். ஆஸ்டினின் வெளிப்புறம்.

லைவ் ஓக் மரம் பழைய இலைகளை உதிர்த்துக்கொண்டிருக்கிறது. அதே கிளையில் புதிய இலைகள் வந்துவிட்டன.

நாற்காலியின் மேலும் சில இலைகள். தட்டிவிட்டு அமர்கிறேன்.

*

ஸ்மோக்கர் ஒரு நீண்ட இரும்பு உருளை. ஒரு முனையில், சற்றுத் தாழ்ந்து, நெருப்பு எரியும் பெட்டி. மறுமுனையில் புகைபோக்கி.

நெருப்பு ஓரிடத்தில். இறைச்சி ஓரிடத்தில். நடுவே கடந்து போவது காற்று.

இரும்பு இன்னும் சில்லென்று இருக்கிறது.

*

விறகு, போஸ்ட் ஓக். இந்த மண்ணின் மரம். மெதுவாக வளர்வது. மணற்பாங்கான, வறண்ட நிலத்திலும் நிற்பது. வேலிக்கம்பங்களுக்கு இதை அறுத்தார்கள்.

பிளந்து ஓராண்டு காய்ந்த கட்டைகள். ஒன்றோடொன்று தட்ட, கணீரென்கின்றன. ஈரம் இருந்தால் ஒலி மந்தமாகும். முனைகளில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்புகள்.

முகர்கிறேன். சற்றுப் புளிப்பு. சற்று இனிப்பு. பிறகு எதுவும் இல்லை.

*

கரி கங்காகிறது. அதன்மேல் முதல் கட்டை.

வெள்ளைப் புகை, திரண்டு எழுகிறது. கண் கரிக்கிறது.

இந்தப் புகையில் இறைச்சியை வைப்பதில்லை. கசப்பு ஏறிவிடும்.

பெட்டியின் கதவு சற்றுத் திறந்திருக்கிறது. காற்று நுழைகிறது. கட்டை சட்டென்று பற்றிக்கொள்கிறது. புகை மெலிகிறது. நீலமாகிறது. கடைசியில் புகைபோக்கியின் வாய்க்கு மேலே, பக்கத்து வீட்டு விளக்கு மட்டும் லேசாக நெளிகிறது.

இந்த அளவு போதும்.

*

மரத்தை நிமிர்ந்து நிற்க வைப்பவற்றில் ஒன்று லிக்னின். தீயில் அது உடைகிறது. உடைந்து குவையகால் ஆகிறது. புகையின் சுவை அது. சிரிங்கால் ஆகிறது. புகையின் மணம் அது.

நின்றிருந்த மரம் சட்டையில் ஏறுகிறது. தலைமுடியில் ஏறுகிறது.

*

முள் 250 காட்டுகிறது. இந்த நாட்டின் கணக்கு, பாரன்ஹீட். செல்சியஸில் 121.

தடித்த பக்கம் நெருப்பை நோக்கி இருக்க, இறைச்சியைக் கம்பிகளின் மேல் வைக்கிறேன். மூடி இறங்குகிறது. இரும்பில் இரும்பு படும் ஓசை.

இனி பார்க்க ஒன்றும் இல்லை.

*

முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு கட்டை.

அடுத்துப் போக வேண்டிய கட்டை பெட்டியின் மேல் சூடேறிக் கிடக்கிறது. சூடானது உள்ளே போனதும் எரியும். குளிர்ந்தது புகைந்துகொண்டிருக்கும்.

எழுவது. கதவைத் திறப்பது. முகத்தில் அனல். கட்டையை வைப்பது. மூடுவது. அமர்வது.

முதுகில் இரவின் குளிர். முழங்காலில் நெருப்பின் சூடு.

*

குளிர்ந்த, ஈரமான பரப்பில் புகை நன்றாகப் படிகிறது.

எரியும் விறகிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வருகிறது. ஈரத்தில் கரைகிறது. தசையின் சிவப்பான மயோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய இடத்தில் சிவப்பு மாறாமல் நிற்கிறது. உள்ளே மற்றதெல்லாம் பழுப்பாகும்.

வெட்டும்போது விளிம்பில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு தெரியும். அதற்குச் சுவை இல்லை.

60 டிகிரி செல்சியஸ் வரைதான் அது ஆழ முடியும். இப்போது, மூடிக்குள், அது ஆழ்ந்துகொண்டிருக்கலாம்.

*

ஒரு மாக்கிங்பேர்ட் பாடுகிறது. வசந்தத்தில் இரவிலும் பாடும் பறவை. ஒரு மெட்டு. இன்னொரு மெட்டு. கதவு கிறீச்சிடும் ஓசை ஒன்றும் இடையில் வருகிறது.

நிறுத்துகிறது.

நிறுத்திய இடம் கேட்கிறது.

*

லாக்ஹார்ட் ஊர் நினைவில் வருகிறது. இங்கிருந்து தெற்கே.

ஸ்மிட்டிஸ் மார்க்கெட்டில் நெருப்பு தரையிலேயே எரிகிறது, உள்ளே வருகிறவர்களின் காலருகே. செங்கல் சுவர்கள் கறுத்துப்போயிருக்கின்றன. அந்தக் கட்டிடத்தில் முன்பு இருந்தது க்ரைட்ஸ் மார்க்கெட். 1900இல் தொடங்கியது. 1999இல் அது வேறு இடத்துக்குப் போனபோது, பழைய அடுப்பின் கங்குகளைத் தொட்டியில் அள்ளித் தெருவழியே இழுத்துச் சென்றார்கள்.

பழைய கங்கு. புதிய கட்டை. எந்தக் கட்டையில் அது வேறு நெருப்பாகிறது.

கேள்வி வருகிறது. சற்று நிற்கிறது. போகிறது.

*

புல்லில் ஏதோ கிளறும் ஓசை. ஆர்மடில்லோ. மூக்கை மண்ணில் புதைத்தபடி வேலியோரம் போகிறது. நெருப்பைப் பார்ப்பதில்லை. என்னையும்.

*

தூக்கம் இமையருகே வருகிறது. தொலைவில் சரக்கு ரயில். நீண்ட ஊதல். பெட்டிகளின் தடதடப்பு. எண்ணத் தொடங்கி விட்டுவிடுகிறேன்.

இந்த ஊர்களில் முன்பு மாடுகள் நடந்து போயின. உள்நாட்டுப் போர் முடிந்தபின், சிஷோம் தடம் வழியே, வடக்கே கான்சஸின் ரயில் நிலையங்களை நோக்கி. மாதக்கணக்கில்.

அத்தனை தூரமும் நெஞ்சுத் தசை தாங்கியிருக்கிறது.

*

லாக்ஹார்ட், டெய்லர் ஊர்களைச் சுற்றிக் கரிசல் மண். பருத்தி விளைந்த மண்.

ஜெர்மானியரும் செக் நாட்டவரும் இங்கே குடியேறிக் கறிக்கடை வைத்தார்கள். குளிர்பெட்டி இல்லாத காலம். விற்காமல் எஞ்சியதைக் கொல்லைப்புறத்தில் புகையில் வாட்டினார்கள். பருத்தி எடுக்கக் கூலிக்கு வந்தவர்கள் அதை வாங்கினார்கள். கறுப்பினத்தவர். மெக்சிகோக்காரர். காகிதத்தில் மடித்துத் தந்ததை, நின்றபடியோ குந்தியபடியோ, கையால் தின்றார்கள்.

இன்றும் பல கடைகளில் தட்டு இல்லை. காகிதம்தான்.

*

அதற்கும் முன்பே குழிகள் இருந்தன.

தரையில் வெட்டிய குழி. இரவெல்லாம் தணல் தள்ளிய கைகள். தெற்கு மாநிலங்கள் முழுவதும், அடிமைப்படுத்தப்பட்டவர்களின் கைகள். 1865 ஜூன் 19 அன்று கால்வெஸ்டனில் விடுதலை அறிவிக்கப்படுகிறது. அந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாடும் கொல்லைகளில் புகை எழுகிறது.

விழித்திருந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவில்லை.

கட்டை ஒன்று சரிந்து விழுகிறது. பொறிகள். பிறகு சிவப்பு.

*

நெஞ்சுக்கறி மட்டும் தனியாகப் புகையடுப்புக்கு வருவது பரவலானது பிற்பாடு. முன்பு முன்சப்பையைத்தான் அதிகம் வாட்டினார்கள். 1960களில் இறைச்சி, துண்டு பிரித்துப் பெட்டிகளில் வரத் தொடங்குகிறது. கடினம் என்று மலிவாகக் கிடந்த துண்டு.

இப்போது மலிவு இல்லை.

*

இறைச்சிக்குள் ஓர் ஊசி. அதன் எண் சிறு திரையில், செல்சியஸில்.

66.

கட்டை வைக்கிறேன். 67.

மாக்கிங்பேர்ட் மீண்டும். 67.

இன்னொரு கட்டை. 67.

*

இங்கே இதை ஸ்டால் என்கிறார்கள். எண் ஏறாமல் நிற்கும் நேரம். மணிக்கணக்கில் நிற்கும்.

இறைச்சி வியர்க்கிறது. நீர் ஆவியாகப் போகிறது. போகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நெருப்பு தருவதும் ஈரம் எடுப்பதும் சரிக்குச் சரி. மண்பானையின் நீர் இப்படித்தான் குளிர்ந்திருக்கிறது.

நெருப்பைக் கூட்டலாம். கூட்டவில்லை.

*

இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் இதைச் சோதித்திருக்கிறார். நனைத்த ஸ்பாஞ்சு ஒன்று. வெறும் கொழுப்புக் கட்டி ஒன்று. இரண்டையும் சூட்டில் வைத்தார். கொழுப்பின் எண் நிற்காமல் ஏறியது. ஸ்பாஞ்சின் எண் நின்றது.

உள்ளே ஈரம் இருக்கும் வரை நிற்கும்.

67.

*

மூச்சு உள்ளே வருகிறது. ஓக் மணம். வெளியே போகிறது.

பசி இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. வயிற்றின் இடப்பக்கம், சிறிதாக. கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்க, அங்கே இல்லை.

*

வாளியில் கொழுப்பு சொட்டுகிறது.

சொட்டு.

நீண்ட இடைவெளி.

சொட்டு.

*

கிழக்கே வானம் வெளுக்கிறது. மூடியைத் திறக்கிறேன்.

சிவப்பும் வெள்ளையும் எங்கும் இல்லை. கறுப்பு. உப்பும் மிளகும் கொழுப்பும் புகையும் ஒன்றாகி இறுகிய பொருக்கு. நகத்தால் கீறிப் பார்க்கிறேன். உரிவதில்லை.

அகலம் சுருங்கியிருக்கிறது. உயரம் கூடியிருக்கிறது. 60 டிகிரியைத் தாண்டும்போது சவ்வுகள் இழுத்துச் சுருங்குகின்றன. நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. இந்த நிலையில் எடுத்தால் மெல்ல முடியாது.

இன்னும் போக வேண்டும்.

*

கறிக்கடைக் காகிதம். இளம்பழுப்பு. மெழுகு பூசாதது.

இறைச்சியை வைத்து, மடித்து, புரட்டி, மீண்டும் மடிக்கிறேன். உள்ளங்கைகளில் சூடு. காகிதம் உடனே எண்ணெய் குடித்துக் கறுக்கிறது.

அலுமினியத் தாள் ஆவியை அடைத்துவிடும். பொருக்கு நனைந்து தளரும். காகிதம் கொஞ்சம் விடுகிறது. கொஞ்சம் வைத்துக்கொள்கிறது.

திரும்ப மூடிக்குள். சற்று நேரத்தில் 68.

*

சனிக்கிழமை காலை.

லெக்ஸிங்டன் என்ற சிற்றூரில் சனிக்கிழமை மட்டும் திறக்கும் ஸ்னோஸ் கடை. 2003 முதல். 1935இல் பிறந்த டூட்ஸி டோமனெட்ஸ் அங்கே எண்பது கடந்த பிறகும் மண்வெட்டியால் தணல் அள்ளிப் பரப்பினார். வார நாட்களில் பள்ளிக்கூடப் பராமரிப்பு வேலை.

சூட்டை அறியத் தகரத்தின் மேல் கை வைப்பவர்கள் உண்டு.

நானும் வைக்கிறேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிடுகிறது கை.

*

கட்டை.

தெருவில் யாரோ நாயை நடத்திப் போகிறார்கள். நாய் நிற்கிறது. மூக்கை உயர்த்துகிறது. கயிறு இறுகுகிறது. போகிறார்கள்.

*

70 டிகிரிக்கு மேல் சவ்வு வேறொன்றாகத் தொடங்குகிறது. கொலாஜன் என்ற முறுக்கு அவிழ்கிறது. அவிழ்ந்து ஜெலட்டினாகிறது.

அதற்குச் சூடு மட்டும் போதாது. சூட்டில் கிடக்க நேரமும் வேண்டும். அவசரப்படுத்தினால் நீர் போகும். சவ்வு நிற்கும்.

மாட்டைத் தாங்கியது சவ்வு. குழைந்து ஒட்டப்போவதும் அதே சவ்வு.

*

டெய்லரில் லூயி மியூலர் கடையின் சுவர்கள் புகையால் பழுப்பேறியவை. வருகிறவர்கள் தங்கள் முகவரி அட்டைகளைச் சுவரில் குத்திவிட்டுப் போகிறார்கள். வெள்ளை அட்டைகள். நாளாக நாளாக மஞ்சளாகி, பழுப்பாகி, எழுத்து மறைகிறது.

யார் வந்தார்கள் என்பது அங்கே இருக்கிறது. வாசிக்க முடிவதில்லை.

*

93.

ஊசியை எடுத்து வேறு இடத்தில் குத்துகிறேன். ஃப்ளாட்டின் நடுவில். சற்றுத் தடுக்கிறது.

மூடுகிறேன்.

95. மீண்டும் குத்த, ஊசி இறங்குகிறது. கையில் எதுவும் உணரப்படவில்லை. பாயிண்டில் குத்துகிறேன். அங்கும்.

எண்ணைப் பார்க்காமல் கையைப் பார்க்கும் நேரம் இது.

*

இனிக் கட்டை இல்லை.

எழுந்து கட்டைக் குவியல் வரை போகும் கால், பாதியில் நிற்கிறது.

*

காகிதத்தோடு துணியில் சுற்றி, ஐஸ் இல்லாத ஐஸ்பெட்டிக்குள். மூடி.

உள்ளே சூடு மெல்ல இறங்கும். சாறு கெட்டிப்படும். உடனே வெட்டினால் பலகையில் ஓடிவிடும். 60க்குக் கீழே மட்டும் இறங்கவிடக் கூடாது.

நெருப்பு தானாக அடங்குகிறது. கங்கின் மேல் நீறு பூக்கிறது. காற்றில் நீறு பறக்கையில் ஒரு கணம் சிவப்பு.

நாற்காலியில் கண் மூடுகிறது. மூடிய கண்ணுக்குள்ளும் கங்கு.

*

நண்பகல். கைகழுவுகிறேன். தண்ணீர் நெற்றியிலும் படுகிறது. குளிர்ச்சி. புகை மணம் போகவில்லை.

*

காகிதம் பிரிகிறது. ஆவி குறைவு. மணம் அதிகம்.

தராசில் வைக்கிறேன். மூன்றே கால் கிலோ.

ஏறக்குறைய பாதி. அரிந்த கொழுப்பு குளிர்பெட்டியில் இருக்கிறது. உருகிய கொழுப்பு வாளியில் இருக்கிறது. மற்றது நீர். இரவில் புகைபோக்கி வழியே போனது. அதை வைத்துக்காட்ட இடம் எதுவும் இல்லை.

*

நீண்ட கத்தி. ஃப்ளாட்டின் நாருக்குக் குறுக்கே. பென்சில் தடிமன்.

கறுப்புப் பொருக்கு முதலில் கரகரக்கிறது. பிறகு கத்தி ஓசையில்லாமல் இறங்குகிறது. விளிம்பில் இளஞ்சிவப்புக் கோடு.

ஒரு துண்டை விரலின் மேல் தொங்கவிடுகிறேன். வளைகிறது. அறுபடவில்லை. இரு முனையையும் பிடித்து மெல்ல இழுக்க, பிரிகிறது.

பாயிண்ட் தொடங்கும் இடத்தில் நார் திரும்புகிறது. இறைச்சியைத் திருப்பிவைக்கிறேன். கத்தி மீண்டும் குறுக்கே.

*

பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கதவைத் திறந்து வருகிறார்கள். பேச்சுக்குரல். இத்தனை நேரம் கழித்துக் கேட்க, அது உரக்க ஒலிக்கிறது.

மேசையில் காகிதம் விரித்திருக்கிறது. வெள்ளை ரொட்டி. நறுக்கிய பச்சை வெங்காயம். வெள்ளரி ஊறுகாய்.

கடைகளில் கேட்பதை இங்கேயும் கேட்கிறேன். மெலிந்ததா, கொழுத்ததா. ஒருவர் மெலிந்தது என்கிறார். ஒருவர் இரண்டும் என்கிறார்.

*

நாக்கில் முதலில் உப்பு. பிறகு மிளகு. பிறகு புகை. பல்லுக்குச் சற்று எதிர்ப்பு. அதன்பின் கொழுப்பு. உதடுகள் லேசாக ஒட்டிக்கொள்கின்றன.

விழுங்கிய பிறகு ஓக் மணம் தொண்டையில் திரும்பி வருகிறது.

யாரும் சற்று நேரம் பேசவில்லை.

*

லாக்ஹார்ட்டின் க்ரைட்ஸ் மார்க்கெட்டில் பல பதிற்றாண்டுகள் சாஸும் இருந்ததில்லை, முட்கரண்டியும் இருந்ததில்லை.

மேசையின் ஓரத்திலிருந்து ஒரு சிறுமி, சாஸ் இருக்கிறதா என்று கேட்கிறாள்.

எடுத்துவரப் போகிறேன்.